துணைக்கு வந்தவள்

மார்ச் 3, செவ்வாய்
பெரியவன் வந்தான். செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டான். "இந்த வயசுல தனியா இருக்கிறது சரிப்படாதும்மா. துணைக்கு ஒரு பொண்ணு வரும். வேண்டாம்னா வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடு."

மகனா, நீதிபதியா? போன வருஷம் அவன் வீட்டில் இருந்தேனே. ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு கதவு. சமையலறை விளக்கை அணைக்க வந்த மருமகள், "அட, நீங்க இங்கதான் இருக்கீங்களா அத்தை?" என்றாள். தெரியாமல் கேட்டாளாம்! நான் மறக்க மாட்டேன்.

மார்ச் 5
துணை வந்தாயிற்று. அடேயப்பா, வாயா அது! வெந்நீர் வைத்தால், "வெந்நீரா பாட்டி?" கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்கிறாள்.

மார்ச் 9
பொறுக்க முடியவில்லை. "உனக்கு வாய் வலிக்காதாடி?" என்றேன்.

"வலிக்குது பாட்டி. பேச்சு கொடுத்துக்கிட்டே இருக்கணும்னு சார் சொல்லியிருக்காரு. பேசலைன்னா வேலை போயிடும்."

மார்ச் 10
இவள் வீட்டில் ஒரே அறையாம். மாமியார், கொழுந்தன், புருஷன், மூன்று பிள்ளைகள். "கதவைச் சாத்திட்டு அழக்கூட எடமில்ல பாட்டி."

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் எத்தனை பேர்! எனக்குக் காய்ச்சல் வந்தபோது நாத்தனார் எட்டிப் பார்த்து, "பாத்திரம் கிடக்கு" என்றாளே. அன்று அவள் கட்டியிருந்தது மஞ்சள் புடவை. அந்தக் கூட்டத்தில் தனிமைதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. சனியனே என்று வைதேன். மாமியார் போனாள், நாத்தனார் போனாள், அவரும் போய்விட்டார். இது மட்டும் போகவில்லை. இத்தனை வருஷம் திட்டு வாங்கிக்கொண்டு கூடவே இருந்ததை இப்போது யாருக்காகத் துரத்துவது?

மார்ச் 12
மத்தியானம் பின்னறையை அவளுக்குத் திறந்து விட்டேன்.

"என்ன வேலை பாட்டி?"

"ஒரு வேலையும் இல்ல. கதவைச் சாத்திக்கோ."

கொஞ்ச நேரத்தில் தலை நீட்டினாள். "கோபமா பாட்டி?"

"கோபம்னா வாய்விட்டே சொல்லிடுவேன். போ."

அப்புறம் சத்தமே இல்லை. என் அறையில் நான், அவள் அறையில் அவள். வீடு எவ்வளவு நன்றாக இருந்தது! ஆனால் பெரியவனுக்குத் தெரிந்தால்? இவளை நிறுத்திவிட்டு என்னை அவன் வீட்டுக்கு மூட்டை கட்டிவிடுவானே.

மார்ச் 17
தெரிந்துவிட்டது. சொல்லாமல் வந்து நின்றான். இரண்டு அறைக் கதவும் சாத்தியிருந்தன.

"சண்டையா? பேசிக்கிறதே இல்லையா?"

அவள் ஓடி வந்து, "காலையிலேயே பேசி முடிச்சிட்டோம் சார்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நான் சிரித்து எத்தனை நாளாயிற்றோ, அவன் என் முகத்தையே பார்த்தான். "இவ இருக்கட்டும்டா. நானும் இங்கதான் இருப்பேன். தனியா இருக்கத் தெரிஞ்சவளைப் பார்த்து நீ ஏன் பயப்படறே?" என்றேன்.

அவன் கிளம்பும்போது, "சரிம்மா, பூட்டற பேச்சை இனிமே எடுக்க மாட்டேன்" என்றான். மருமகள் கணக்கு வேறு, அது அப்படியே இருக்கிறது.

மார்ச் 21, சனி
சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது அவள் வாசலில் நின்று இழுத்தாள். "நாளைக்கு வரட்டுமா பாட்டி?"

"நாளைக்கு உனக்கு லீவாச்சே?"

"அதான் பாட்டி வர்றேன்."

சாவியை அவள் கையில் கொடுத்தேன். நாளைக் காலை நான் பூங்காப் பக்கம் போய் வரலாம் என்றிருக்கிறேன். மெதுவாகத்தான் திரும்புவேன். முழு வீடும் கொஞ்ச நேரம் அவளுக்கே இருக்கட்டும்.