பதினான்கு புதன்கிழமைகள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் உறையைப் பார்த்ததுமே நீ பதறிப்போவாய். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ பார்த்துக்கொள்ளும் அந்த அம்மாவைத் தனியாகத் தூக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். நீ எங்கே கேட்கப்போகிறாய்.

வாரா வாரம் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன புதன்கிழமை நான் போனை எடுத்தேனே, பாப்பா கடைக்குப் போயிருக்கிறாள் என்றேனே, அது பொய். அவள் பள்ளியில் இருந்தாள். புதன்கிழமை பள்ளிக்கு விடுமுறை கிடையாது. என்றைக்குமே கிடையாது.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. உனக்கு ஓய்வு நாள் புதன். அந்த வீட்டில் உனக்குப் போன் கிடைக்கும்போது இங்கே காலை பதினொரு மணி. "புதன்கிழமை எங்களுக்கு லீவும்மா"ன்னு பாப்பா சொன்னாள், நீ நம்பினாய். நான் ஆறு மணிக்கே சலவைக்கூடத்துக்குப் போய்விடுகிறேன். திரும்பி வந்தால் "அம்மா பேசினாங்கப்பா" என்பாள். சாயங்காலம் பேசியிருப்பாய் என்று நானும் இருந்துவிட்டேன். எத்தனை மணிக்கு என்று ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். நாள் முழுக்க நின்று படுக்கை விரிப்புகளைத் தேய்த்துவிட்டு வருகிறவனுக்குக் காலோடு மூளையும் மரத்துவிடுகிறது.

பள்ளியில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வகுப்பு டீச்சர் பதினான்கு லீவு லெட்டர்களை மேசைமேல் பரப்பினார். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. நான் போடுவதைவிட நன்றாகவே போட்டிருக்கிறாள். வயிற்றுவலி, பல்வலி, கண்வலி, மறுபடி வயிற்றுவலி. ஒன்றில் எனக்கே மஞ்சள்காமாலை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அது என்னங்க, உங்க வீட்டுல நோயெல்லாம் புதன்கிழமை பார்த்துத்தான் வருமா?" என்று டீச்சர் கேட்டார். எல்லாம் நான் எழுதியதுதான் என்றேன். பெற்றவன் வேறென்ன சொல்வான்?

ஒரு லெட்டரை மட்டும் அவர் தனியாக எடுத்து வைத்திருந்தார். 'என் மனைவி வெளியூரிலிருந்து வருவதால், அவரை அழைத்துவர என் மகளுக்கு ஒரு நாள் விடுப்பு அளிக்க வேண்டுகிறேன்.' அம்மா வந்திருந்தாங்களா, நல்லா இருக்காங்களா என்று கரிசனமாக விசாரித்தார். வந்தாள், நான்கு நாள் இருந்துவிட்டுப் போனாள் என்றேன். கொஞ்சம் இளைத்துவிட்டாள் என்றும் சொன்னேன். சொல்லும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டீச்சர் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

நூறு நாளுக்கு எண்பது நாளாவது வந்திருக்க வேண்டுமாம். வாரம் ஒரு நாள் லீவு போட்டால் சரியாக விளிம்பில் நிற்கும். நம்மவள் கணக்குப் போட்டுத்தான் செய்திருக்கிறாள். ஆனால் மழை மாதத்தில் அவளுக்கு நான்கு நாள் நிஜமாகவே காய்ச்சல் வந்தது. அதுதான் கவிழ்த்துவிட்டது. அந்த நான்கு நாளுக்கு மட்டும் லெட்டரே இல்லை, ஏனென்றால் அதை எழுதவேண்டியவன் நான். ஆண்டுத் தேர்வுக்கு உட்காரவிட முடியாது, அதே வகுப்பில் இன்னொரு வருஷம் என்றார்கள். கெஞ்சினேன். கடைசியில் தலைமையாசிரியர் இதுவரை போனதை மன்னித்தார். இனித் தேர்வு வரைக்கும் ஒரே ஒரு நாள் விடுவாராம், அதுவும் காரணம் நிஜமாக இருந்தால். இரண்டாவது நாள் லீவு போட்டால் தேர்வு கிடையாது.

வீட்டுக்கு வந்து பாப்பாவைக் கேட்டேன். திட்டவில்லை, திட்டத் தெம்பும் இல்லை. "போன் அடிச்சு யாரும் எடுக்கலன்னா அம்மா என்னப்பா நினைப்பாங்க?" என்றாள். அதனால்தான் போன புதன்கிழமை அவளைப் பள்ளி வாசலில் விட்டுவிட்டு நானே போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சலவைக்கூட மேற்பார்வையாளருக்கு வயிற்றுவலி என்று லெட்டர் கொடுத்தேன். நம் வீட்டில் எழுதிப் பழகிய காரணம் அதுதானே. போனை எடுத்ததும் நீ "கண்ணு"ன்னு கூப்பிட்டாய். அதைக் கேட்டதும்தான் கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன்.

இனிப் புதன்கிழமை போன் செய்யாதே. இதை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். ஓய்வு நாளை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றித் தருவார்களா என்று கேட்டுப் பார். முடியாது என்றால் அவளுக்குத் தனியாகக் கடிதம் போடு. ஏன் பொய் சொன்னாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. இது உன் கைக்கு வருவதற்குள் இன்னொரு புதன் போயிருக்கும். நீ போன் அடித்திருப்பாய், இங்கே யாரும் எடுத்திருக்கமாட்டோம். மன்னித்துக்கொள்.

அந்த ஒரு நாளை நான் தொடாமல் வைத்திருக்கிறேன். பாப்பாவுக்குக் காய்ச்சலே வந்தாலும் தூக்கிக்கொண்டு போய் வகுப்பில் உட்காரவைப்பேன், அதைச் செலவழிக்கமாட்டேன். நீ என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் எழுது. அன்றைக்கு லீவு லெட்டரை நானே எழுதித் தருகிறேன். அவள் எழுதிய அதே வரிகள் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு, உன் பதிலுக்காகக் காத்திருக்கும்
பாப்பாவின் அப்பா