குறுக்கு விசாரணை முடியும் வரை

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்து என் டிபன் டப்பாவின் மூடியைக் கொடுத்தார். கழுவித்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் ஓரத்து ரப்பரில் உங்கள் புளிக்காய்ச்சல் வாசனை. "மூடி எங்க வீட்ல இருக்குன்னு சொல்லத்தாம்மா அவ உனக்கு நாலு தடவை போன் போட்டா" என்றார். அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு முறையும் நான் எடுக்கவில்லை.

திருவெறும்பூர் பட்டறையின் ஸ்டோரில் நான்கு வருடம் அடுத்தடுத்த நாற்காலியில் இருந்தோம். வெல்டர் ஒருவரின் கை கிழிந்த அன்று, அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது நீங்கள். கிளம்புமுன் சூப்பர்வைசரிடம் கேட்டீர்கள். "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொன்னது, அலமாரிகளுக்குப் பின்னால் போல்ட் எண்ணிக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது. அடுத்த வாரமே, அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போனதாக உங்களை நீக்கினார்கள். "நான் அப்படிச் சொல்லவேயில்லை" என்றார் சூப்பர்வைசர்.

தொழிலாளர் நீதிமன்றத்தில் உங்களுக்கு இருந்த ஒரே சாட்சி நான். என் வீட்டில் டிகிரி வாங்கியதிலும் கோர்ட் படி ஏறியதிலும் நான்தான் முதல் ஆள். வராந்தாவில் குனிந்தே நின்ற என்னைப் பார்த்து, "ஏன்டி, உன்னைப் பொண்ணு பாக்கவா வந்திருக்காங்க? தலைய நிமித்து" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கம்பெனி வக்கீல், "சூப்பர்வைசர் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் நேரம் முடிந்து வழக்கை மூன்று வாரம் தள்ளிவைத்தார்கள். "குறுக்கு விசாரணை முடியலை. அதுவரை உங்க சாட்சியத்தைப் பத்தி யார்கிட்டயும் பேசக் கூடாது" என்றார் நீதிபதி.

'யார்கிட்டயும்' என்ற சொல் மட்டும் மண்டையில் நின்றது. உங்களோடு பேசினாலே குற்றம், போனில் பெயர் இருந்தாலே பிடித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் உங்களைப் பார்த்ததும் பழக்கடைக்குப் பின்னால் ஒளிந்தேன். நீங்கள் என்னைப் பார்த்தீர்களா என்று இன்றுவரை தெரியவில்லை. பத்தாம் நாள், மாரடைப்பில் நீங்கள் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

காரியம் முடிந்தபின் உங்கள் வக்கீலிடம் கேட்டேன். "கேஸைப் பத்தித்தாம்மா பேசக் கூடாது. சாப்டீங்களா, நல்லாருக்கீங்களான்னு பேசலாமே" என்றார். அதை ஏன் முன்பே கேட்கவில்லை என்று என்னைத் திட்டக்கூட நீங்கள் இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் வாரிசாக வழக்கைத் தொடர்கிறார்; அதற்காக விசாரணை இன்னும் தள்ளிப்போனது. நாளை மறுபடி நான் கூண்டில் ஏற வேண்டும். "கம்பெனிக்காரங்க ஹைகோர்ட் போனாலும் அங்க புதுசா உன்னைக் கூப்பிட்டுக் கேக்க மாட்டாங்க. இங்க பதிவாகுறதுதான் மேல போகும்" என்று வக்கீல் முதல் நாளே சொல்லியிருந்தார். விசாரணை பற்றி ஊழியர்களுக்கெல்லாம் தெரியும். உங்கள் நாற்காலியில் இப்போது இருக்கும் பானு தானாகவே வந்து, "மூஞ்சியப் பாத்தேன்னு சொல்லிடேன்டி. அந்த சூப்பர்வைசர் மட்டும் நெசத்தையா சொன்னான்?" என்றாள். எழுந்துவந்துவிட்டேன். ஆனால் அவள் சொன்னது மனதில் ஓடிக்கொண்டேயிருக்கிறது. ஒரு சொல்தான். உங்கள் பெயரிலுள்ள கறை போய்விடும்.

ஆனால் எனக்குப் பொய் சொல்ல வராது, அக்கா. உங்களுக்கே தெரியும். அடுத்த கேள்வியிலேயே உளறுவேன். அப்புறம் நான் நிஜமாகவே கேட்டதையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

முகத்தைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன். அலமாரி மறைத்தது, குரல் மட்டும் கேட்டது, நான்கு வருடம் தினமும் கேட்ட குரல் என்று சொல்வேன். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொள்வேன். சூப்பர்வைசர் உங்களிடம் சொன்னதை, டைப் அடிப்பவர் முடிக்கும்வரை ஒவ்வொரு வார்த்தையாக, கோர்ட்டில் எல்லாருக்கும் கேட்கும்படி சொல்வேன்.