மூன்றாம் பாகமே சிறந்தது

அன்பு ஹில்டா அக்காவுக்கு,

ஏழு கடலுக்கும் சக்கரவர்த்தியும் இந்தச் சரக்குக் கப்பலின் சமையல்காரனுமான தம்பி இனிகோ எழுதுவது. உன் முட்டுவலி தேவலையா? அத்தான் நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா?

நேற்று இங்கே மகா யுத்தம். நம் அனிஷும் நானும் விளையாடிய அந்த ஜப்பான் வீடியோ கேமில் எந்தப் பாகம் சிறந்தது என்று நாலு தேசத்துக்காரர்கள் மேசையைத் தட்டிச் சண்டை. "மாமா, ஆறாம் பாகம் வெறும் மினுக்குதான். மூணுலதான் கூட வாரவன் செத்தா நெசமாவே அழுகை வருது" என்று பத்து வருஷம் என்னோடு மல்லுக்கட்டினானே, அதையே என் சொந்தக் கருத்துபோல முழங்கினேன். மொத்தக் கப்பலும் சரணடைந்தது. ஜெயித்த சக்கரவர்த்தி குளிர் அறைக்குள் போய் மீன் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தக் குளிரிலும் கண்ணீர் உறையவில்லை அக்கா.

அவனுடைய கேம் பெட்டிக்கு மாதம் ஒருமுறை சார்ஜ் போடு. யாருக்கும் கொடுத்துவிடாதே. அவன் பாதியில் விட்டுப்போன ஆட்டம் உள்ளே இருக்கிறது.

கல்லறைத் திருநாளுக்கு என்னால் வர முடியாது. மெழுகுவர்த்தி ஏற்றும்போது, "ஏலே, மூணாம் பாகந்தான் ஒசத்தின்னு ஒன் மாமன் ஒத்துக்கிட்டாம்லே" என்று அவனிடம் சத்தமாகச் சொல்லு. அவன் இருந்தவரை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை.

உலை கொதிக்கிறது, ஓடுகிறேன்.

தம்பி இனிகோ