பேட்டரி வேண்டும் என்று சொன்னவள்

சனி, மே 10

காலை ஒன்பதுக்கே அனல். தீவன ஆய்வகத்தில் அரை நாள் வேலை. மதியம் எருமப்பட்டி நூலகத்தின் பின்னறை, நான் நடத்தும் பெண்கள் அறிவியல் குழு. வாங்க வேண்டியவை: சால்டரிங் ஈயம், இன்சுலேஷன் டேப், எனக்குத் தலைவலி மாத்திரை.

ஒன்பது பேரில் எட்டுப் பேர்தான். ஜோதி வரவில்லை. இப்போதுதான் பிளஸ் டூ முடித்தவள். அவள் தோழி மஞ்சு சொன்னாள்: "அவங்கப்பா இனிமேப் போக வேண்டாம்னுட்டாருங்க்கா."

காரணத்தையும் அவளே சொன்னாள். ஜோதி செய்த அலாரத்தை அவர்கள் கோழிப் பண்ணையில் மாட்டியிருந்தோம். கொட்டகையில் சூடு ஏறினால் வீட்டில் மணி அடிக்கும். வியாழன் மதியம் கரண்ட் போனது. கொட்டகையைக் குளிர்விக்கத் தண்ணீர் தெளிக்கும் மோட்டார் நின்றது. அலாரமும் அதே கரண்டில் ஓடுவது, அதுவும் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. இருநூறு கோழிகள் செத்துவிட்டன.

மார்ச்சில் மாட்டும்போதே ஜோதி சொன்னாள், பேட்டரி வேண்டும் என்று. "மொதல்ல ஓடட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றது நான். இது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

ஞாயிறு, மே 11

ஜோதிக்கு மூன்று முறை போன். எடுக்கவில்லை.

பொறியியல் விண்ணப்பம் போடும் நேரம். எலக்ட்ரானிக்ஸ் படிக்க அவள் அப்பா அரை மனதாகச் சம்மதித்திருந்தார். இப்போது அதுவும் போச்சு.

உண்மையைச் சொன்னால் மற்ற எட்டு வீட்டிலும் என்னை நம்ப மாட்டார்கள். சொல்லாவிட்டால் பழி ஜோதி தலையில். அம்மா கேட்டாள்: "அதே அரிசிய எத்தன தடவடி கழுவுவ?"

திங்கள், மே 12

ஆய்வகத்தில் இரண்டு தீவன மாதிரியின் சோதனை தப்பு. திரும்பச் செய்தேன். சாயங்காலம் நேராக ஜோதி வீடு.

அவள் அப்பா செல்வராசு அண்ணன் வாசலில் தீவன வாளி கழுவிக்கொண்டிருந்தார். "வாங்கம்மிணி" என்றார். முகம் பார்க்கவில்லை.

"கரண்ட் போனா அதுவும் சேந்து போகுது. அப்புறம் எதுக்குங்க அலாரம்?"

"தப்பு எம்மேலதாங்ண்ணா. பேட்டரி வெக்கோணும்னு ஜோதி அப்பவே சொன்னா. நாந்தான் அப்புறம் பாத்துக்கலாம்னேன்."

வாளியைக் கீழே வைத்தார். கதவருகே நின்ற ஜோதியிடம் கேட்டார்: "ஏஞ் சாமி, இத ஏன் நீ சொல்லல?"

"சொன்னா அக்காகிட்ட யாரையுமே உட மாட்டீங்க."

அவர் கீழே வைத்த வாளியைக் கவிழ்த்தார். பிறகு, "அப்ப புள்ள சொன்னது சரிதானா?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. நான் "ஆமாங்ண்ணா" என்றேன். தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்துவிட்டேன். ஜோதியை அனுப்புவது பற்றி அவர் முடிவு எதுவும் சொல்லவில்லை.

புதன், மே 14

மதியம் ஆய்வகத்தில் இருந்தபோது போன். செல்வராசு அண்ணன்.

"அம்மிணி, பைக் பேட்டரி போதும்ங்கறா. சரிங்களா?"

"அவ சொன்னா சரிதாங்ண்ணா."

வைத்ததும் சாக்கு அடுக்கும் அறைக்குப் போய் இரண்டு நிமிடம் அழுதேன். சிரிப்பும் வந்தது.

சாயங்காலம் பண்ணை. கரண்ட் போனாலே மணி அடிக்கிற மாதிரி ஜோதி மாற்றியிருந்தாள். அவள் அப்பாவே ஃபியூஸைப் பிடுங்கினார். வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தம். கோழிகள் எல்லாம் படபடவென்று. நாங்கள் மூவரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

கிளம்பும்போது ஜோதி தனியாக: "அடுத்த தடவ நாஞ் சொன்னா கேளுங்க்கா." சிரிக்காமல் சொன்னாள். எனக்கு வேண்டியதுதான்.

வெள்ளி, மே 16

லேசான தூறல். மண் நனையக்கூட இல்லை. ஆனாலும் சுகம்.

காலையில் இ-சேவை மையம். ஜோதி, அவள் அப்பா, நான். மதிப்பெண் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாம் இருந்தது. ஜாதிச் சான்றிதழ் நகல் மட்டும் மறந்து, ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

கணினி முன்னால் இருந்தவர் செல்வராசு அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "பொண்ணுக்கு எதுக்குங்க எலக்ட்ரானிக்ஸ்? நான் வேற நல்ல கோர்ஸா சொல்றேன்."

"என்னையப் பாக்காதீங்க. அவளக் கேட்டுப் போடுங்க."

ஜோதி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.