பாதியில் சிக்கிய கொடி

ஸ்கோர்பெக்
மார்ச் 9

அன்பு மகள் சில்யேவுக்கு,

நானும் அம்மாவும் நலம். மாடுகள் எங்களைவிட நலம். போனில் பேசினால் அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் பேசுகிறீர்கள், அப்புறம் ஒரே நேரத்தில் வைத்துவிடுகிறீர்கள் என்று அம்மா குறைபடுகிறாள். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ டாக்டர் பட்டம் வாங்கிய செய்தி வந்ததும், நல்ல சேதிக்குக் கொடி ஏற்றும் நம் வழக்கப்படி ஓடிப்போய் முற்றத்துக் கம்பத்தில் கொடியை ஏற்றினேன். பாதி உயரத்தில் கயிறு சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. நான் கம்பத்தை உலுக்கிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துப் பண்ணை ப்ரேபென் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்து நிற்கிறான். பின்னால் அவன் மனைவி, கையில் கேக். பாதிக் கம்பத்தில் கொடி பறந்தால் அந்த வீட்டில் சாவு என்றுதானே அர்த்தம்!

"யாருய்யா?" என்றான் மெதுவாக.

"சில்யே..." என்றேன். கம்பத்தோடு மல்லுக்கட்டியதில் மூச்சு வாங்கியது. அவன் மனைவி நெஞ்சில் கையை வைத்துவிட்டாள்.

"...டாக்டராயிட்டா!"

"அடப்பாவி! ஒரு நல்ல சேதியைக்கூட உனக்கு முழுசா ஏத்தத் தெரியலையேய்யா!"

ஆனால் கேக்கைத் திருப்பி எடுத்துப் போகவில்லை. நல்ல கேக்.

நீ அனுப்பிய உன் ஆய்வுப் புத்தகம் வந்தது. எல்லாம் ஆங்கிலம். நான் படித்தது ஒரே ஒரு குளிர்காலம், பண்ணைப் பள்ளியில். அங்கே கற்ற ஆங்கிலம் டிராக்டர் கையேட்டோடு முடிந்துவிட்டது. அதனால் படம் பார்த்தேன். ஒரு வரைபடத்தில் ஓடை வளைகிற இடம் நம் ஓடை மாதிரியே இருக்கிறது. பக்கத்தில் நம் கீழ்ப் புல்வெளி மாதிரியே ஒன்று. ஆனால் நீல நிறத்தில். அச்சடித்தவன் மையைச் சிந்திவிட்டானா?

இன்னும் டாக்டராகாத,
அப்பா தோர்கில்ட்

ஓர்ஹுஸ்
மார்ச் 16

அன்புள்ள அப்பாவுக்கு,

கொடிக் கதையைப் படித்து நிறுவனத்தின் காப்பி அறையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

மை சிந்தவில்லை அப்பா. அது நம் கீழ்ப் புல்வெளிதான்; நீலம், மறுபடி தண்ணீர் நிற்க வேண்டிய இடம். நேரில் சொல்ல நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு வந்தபோதும் வாய்வரை வந்தது, நீங்கள் வாத்து வறுவலை வெட்டிக்கொண்டிருந்தீர்கள்.

அந்தப் புல்லுக்கு அடியில் இருப்பது சாதாரண மண் இல்லை. ஆயிரக்கணக்கான வருஷங்களாகத் தண்ணீருக்குள் மக்காமல் கிடந்த செடிகொடிகள். தாத்தா குழாய் பதித்துத் தண்ணீரை வடித்த நாளிலிருந்து அது மெல்ல மக்கி, கரியமில வாயுவாகக் காற்றில் போய்க்கொண்டிருக்கிறது. நிலமும் அமுங்கிக்கொண்டே போகிறது. குழாய்களை மூடி, மறுபடி நனைய விட்டால் அது நிற்கும். இதைச் சொல்லத்தான் எங்கள் நிறுவனம்.

மே மாதம் நம் ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டு இதை விளக்க வேண்டும். யார் நிலத்தையும் பறிக்கப் போவதில்லை, விருப்பமுள்ளவர்கள் கையெழுத்துப் போடலாம். இங்கே எல்லோரும் "ஊர்க்காரங்க புரிஞ்சுக்குவாங்க" என்கிறார்கள். அவர்கள் யாரும் ப்ரேபென் மாமாவைப் பார்த்ததில்லை.

என்னைத்தான் போகச் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் நான் பேசிவிட்டுப் பஸ் ஏறிவிடுவேன், நீங்கள் அவர்கள் நடுவில்தான் வாழ வேண்டும். நான் வரட்டுமா அப்பா? வேண்டாம் என்றால் கூட வேலை செய்யும் ஆஸ்கெர் போவான்.

உங்கள்,
சில்யே

ஸ்கோர்பெக்
மார்ச் 30

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மாடுகளுக்கு இன்னும் சொல்லவில்லை.

அந்தக் குழாய்களைப் பதித்ததற்கு உன் தாத்தாவுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், தெரியுமா? சதுப்பைச் சோறு போடும் நிலமாக்கியவர் என்று. இன்றும் கழிப்பறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. உட்கார்ந்தால் நேர் எதிரே. நேற்று முழுக்க அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அம்மா கதவைத் தட்டி, "உள்ளேயே குடியேறிட்டியா?" என்று கேட்கிற வரை.

நீ சொல்வது தப்பு என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. சரி என்று சொல்ல எனக்கு மனசு இல்லை.

ஆஸ்கெரையே அனுப்பு. அவனைத் திட்டினால் எனக்கு வலிக்காது.

கொடி இன்னும் பாதியில்தான் நிற்கிறது. தபால்காரப் பெண்கூட நேற்று குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.

அன்புடன்,
அப்பா

ஓர்ஹுஸ்
ஏப்ரல் 6

அப்பாவுக்கு,

சரி. ஆஸ்கெர் வருவான்.

ஜூனில் வரும் உங்கள் அறுபதாவது பிறந்தநாளுக்கும் நான் வரவில்லை. ஊரே வந்து உட்காரும். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுபோவதை நீங்கள் சமாளிக்க வேண்டாம். என்னால் உங்களுக்குத் தலைகுனிவு வேண்டாம் அப்பா.

அம்மாவுக்கு முத்தம்.

சில்யே

ஸ்கோர்பெக்
மே 18

என் அன்பு மகளே,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. பதில் எழுத எழுத எல்லாம் மாட்டுக் கொட்டகை வாசனை அடித்தது, கிழித்துப் போட்டேன். இப்போது கூட்டம் முடிந்துவிட்டது, சொல்வதற்கு விஷயம் இருக்கிறது.

ஆஸ்கெர் வந்தான். நல்ல வெயிலில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு. நல்ல பையன்தான், பாவம், எங்களைப் பார்த்ததும் குரல் கம்மிவிட்டது. உன் வரைபடத்தைத் திரையில் போட்டான். நீலம் தெரிந்ததும் மண்டபம் கொதித்தது.

"முதல்ல உன் மண்டையில தண்ணி ஊத்திப் பாருடா தம்பி! அப்புறம் எங்க நிலத்துல ஊத்தலாம்!" என்றான் ப்ரேபென். பின்வரிசையிலிருந்து யாரோ, "இதை வரைஞ்சது எவன்? ஓர்ஹுஸ்ல உக்காந்து கலர் அடிச்சிருக்கான்!" என்று கத்தினார்கள். ஆஸ்கெர் கண்ணியமானவன். "நிறுவனம் வரைந்தது" என்று மட்டும் சொன்னான்.

அந்த நேரம் பார்த்து எனக்குக் காப்பி வேண்டியிருந்தது. எழுந்தேன். அவ்வளவுதான். தோர்கில்ட் பேசப் போகிறான் என்று மண்டபம் முழுக்க அடங்கிவிட்டது. கையில் காலிக் கோப்பையோடு நின்றேன். இனி உட்கார்ந்தால் கேவலம்.

"வரைஞ்சது என் பொண்ணு," என்றேன். "சரியாத்தான் வரைஞ்சிருக்கா. அந்த நீலத்துல என் டிராக்டர் மூணு தடவை புதைஞ்சிருக்கு. இழுத்து விட்டது யாருன்னு ப்ரேபெனைக் கேளுங்க."

"நாலு தடவை!" என்றான் ப்ரேபென், கோபத்தை மறந்து. சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் நினைவு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

தலைகுனிவு என்று எழுதியிருந்தாயே. நான் உன்னை வர வேண்டாம் என்றது அதனால் இல்லை, கண்ணு. அவர்கள் உன்னைத் திட்டுவார்கள் என்றுகூட இல்லை. அவர்கள் நடுவில் நானும் வாயை மூடி உட்கார்ந்திருப்பேன், அதை நீ மேடையிலிருந்து பார்த்துவிடுவாய் என்று பயந்தேன். காப்பி மட்டும் இல்லாவிட்டால் அப்படித்தான் நடந்திருக்கும்.

நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. போடுவேன் என்றும் சொல்லவில்லை. முதலில் நீ வா. பூட்ஸ் போட்டுக்கொண்டு கீழே நடந்து போய், தண்ணீர் எதுவரை நிற்கும் என்று காட்டு. மண்டபத்துக்கு இல்லை, எனக்கு.

அப்பா

ஓர்ஹுஸ்
மே 25

அன்புள்ள அப்பாவுக்கு,

ஆஸ்கெர் எல்லாம் சொன்னான். நீங்கள் முன்கூட்டியே யோசித்துத்தான் எழுந்தீர்கள் என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். நான் காப்பி விஷயத்தைச் சொல்லவில்லை.

என் பழைய பூட்ஸ் இன்னும் கொட்டகையில் இருக்கிறதா?

உங்கள்,
சில்யே

ஸ்கோர்பெக்
ஜூன் 1

சில்யே கண்ணு,

இருக்கிறது. ஒன்றில் பூனை குட்டி போட்டிருந்தது, காலி செய்ய வைத்துவிட்டோம்.

இன்று காலை சத்தம் கேட்டு முற்றத்துக்கு வந்தால், ஏணியில் ப்ரேபென். கம்பத்து உச்சியில் துருப்பிடித்த உருளையோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறான். நான் வாயைத் திறக்கும் முன்பே, "உன்கூட பேச வரலை," என்றான். "இந்தக் கொடியைப் பாக்கிறப்பெல்லாம் என் பொண்டாட்டி கேக் போடலாமான்னு கேக்கிறா. தாங்க முடியலை." எண்ணெய் விட்டான், கயிற்றை இழுத்துப் பார்த்தான், கொடி கீழே வந்தது, அவனும் இறங்கினான். வாசலில் நின்று, "பொண்ணு வருதா?" என்றான். வருகிறாள் என்றேன். "எனக்கும் அதுகிட்ட ரெண்டு கேள்வி கேக்கணும்," என்று சொல்லிவிட்டு ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். திட்டத்தான் கேட்கிறானா என்று தெரியவில்லை. எதற்கும் அவனுக்கும் பூட்ஸ் எடுத்து வைக்கிறேன்.

பிறந்தநாளன்று காலையிலேயே கொடியை ஏற்றிவிடுவேன், உச்சிவரை. சாலைத் திருப்பத்திலிருந்தே உனக்குத் தெரியும். சூரியன் மறையும் முன் இறக்கிவிட வேண்டும் என்பது முறை. ஜூன் மாதத்துச் சூரியன் தாராளமானதுதான், இரவு பத்து மணிவரை நிற்கும். இருந்தாலும் சீக்கிரம் வந்துவிடு.

அப்பா