பத்தாவது கையெழுத்து

நெதர் ஹாப்லி, ஷ்ராப்ஷர்
26 ஏப்ரல் 1981

அன்புள்ள மகள் ரோசலிண்டுக்கு,

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் என் வலது மணிக்கட்டு மாவுக்கட்டில் இருக்கிறது, உன் அப்பா என் முகத்தைப் பார்த்துப் பேசிப் பதினைந்து நாளாகிறது, ஆட்டுக்குட்டிகள் மட்டும் சுகம். கனடாவில் இன்னும் பனி விழுவதாக எழுதியிருந்தாய், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல உன் தங்கை பிலிப்பா எழுதுகிறாள். சொல்வதை அப்படியே எழுதடி என்றால் கேட்பதில்லை, வாக்கியத்தைச் சீர்படுத்திக்கொண்டுதான் எழுதுகிறாள். அப்பாவைப் பற்றி நான் சொன்ன இரண்டு வார்த்தைகளை எழுத மறுத்துவிட்டாள். கடிதத்தில் ‘அப்பா’ என்று மரியாதையாக வரும் இடங்களில் எல்லாம் நான் சொன்னது வேறு என்று வைத்துக்கொள்.

நம் கிராமத்துப் பள்ளியை அடுத்த வருஷம் மூடப்போகிறார்கள். பத்தொன்பது பிள்ளைகள் போதாதாம். ஐந்து வயசுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் விடிவதற்கு முன் பஸ் ஏறிப் பதினோரு மைல் போகவேண்டும். கவுண்டி கவுன்சிலில் இதற்குக் கை தூக்கப் போகிறவர் நம் மேஜர் கின்வர். கெட்ட மனிதர் இல்லை, அது உனக்கும் தெரியும், திருவிழாவுக்குப் பணம் தருவார், யார் செத்தாலும் தேவாலயத்துக்கு வருவார். ஆனால் அவர் எப்படி நம் உறுப்பினர் ஆனார் என்று பிலிப்பா பள்ளிக்கூடத்து வரலாற்றுக் கட்டுரைக்காகத் தேடப்போய்த்தான் இத்தனை வம்பும் ஆரம்பித்தது. ஆறு சனிக்கிழமை டவுன் நூலகத்தில் உட்கார்ந்து பழைய செய்தித்தாள்களைப் புரட்டிவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் பட்டியலை விரித்தாள். 1889இல் கவுன்சில் தொடங்கியதிலிருந்து நம் தொகுதியில் இருபத்தேழு தேர்தல் வந்திருக்கிறது, அதில் மூன்று தடவைதான் ஓட்டுப் பெட்டி வைத்திருக்கிறார்கள். முதல் தடவை ஒரு மாவுமில்காரர் நின்று பதினோரு ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் அவருக்கு ஒரு வான்கோழி அனுப்பினார், அவர் அதைத் திருப்பி அனுப்பினார். பிறகு 1919இல் ஒன்று, 1946இல் ஒன்று. மற்ற இருபத்து நாலும் போட்டியின்றித் தேர்வு. மேஜர் 1955இலிருந்து எட்டு முறை ஜெயித்திருக்கிறார், இதுவரை ஒரு ஆள்கூட அவருக்கு ஓட்டுப் போட்டதில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது, கவுண்டி தேர்தலில் ஒரு தடவைகூட நான் சீட்டில் குறி போட்டதில்லை. பிலிப்பா சொல்லும்வரை இதை நான் யோசித்தும் பார்த்ததில்லை, அதுதான் எனக்கு எரிச்சல். நானே நிற்கிறேன் என்று அந்த மேஜையிலேயே சொல்லிவிட்டேன். அப்பா உருளைக்கிழங்கை இன்னும் கொஞ்சம் எடுத்துப் போட்டுக்கொண்டு, நில்லேன், நல்லதுதானே என்றார். இதை நினைவில் வைத்துக்கொள்.

வேட்புமனுவுக்குத் தொகுதிக்காரர்கள் பத்துப் பேர் கையெழுத்துப் போடவேண்டும். பத்துப் பேர் என்ன பெரிய விஷயம் என்றுதான் நினைத்தேன். பேக்கரி மிஸஸ் பிரீஸ், ‘எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லை எனிட், ஆனா மேஜர் மனசு கஷ்டப்படுமே, ஞாயித்துக்கிழமை சர்ச்சுல அவருக்கு முன்வரிசையிலதானே நான் உக்காருறேன்’ என்றாள். பன்றிப் பண்ணை பெடோஸ் கிழவர் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, ‘ஜெயிச்சிட மாட்டியே?’ என்று கேட்டார். முடிந்தவரை முயற்சி செய்வேன் என்றேன். ‘அப்ப யோசிக்கணும்’ என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் கழித்து அவராகவே கூப்பிட்டு, ‘யோசிச்சுப் பார்த்தேன், நீ எங்க ஜெயிக்கப் போறே’ என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு வரும்போதுதான் அவர் வேலியைத் தாண்டும் மரப்படி ஈரத்தில் வழுக்கிக் கீழே விழுந்து மணிக்கட்டு போனது. வேட்பாளர் சம்மதப் பத்திரத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டேன், கோழி நடந்த மாதிரி இருந்தது. இப்படிப் பத்து நாள் அலைந்து ஒன்பது பேர் சேர்ந்தார்கள். பத்தாவது ஆள் கிடைக்காமல் நான் சமையலறையில் புலம்பிக்கொண்டிருந்தபோது அப்பா ஆட்டுக்கொட்டகையிலிருந்து வந்து கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, ‘கொடு, நான் போடறேன்’ என்றார். அந்த நிமிஷம் எனக்கு அவர்மேல் வந்த பிரியத்தை என்னவென்று சொல்ல. பிலிப்பா, இதையும் எழுது, பரவாயில்லை.

மனுக் கொடுக்கக் கடைசி நாள், பகல் பன்னிரண்டோடு சரி. பதினொன்றரைக்குப் பிலிப்பாவும் நானும் தேர்தல் அலுவலகத்தில் இருந்தோம். ஒரு இளம்பெண் மனுவை வாங்கி, வந்த நேரத்தைக் குறித்து, முத்திரை குத்தி, வாக்காளர் பட்டியலில் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். பத்தாவது பெயரில் விரல் நின்றது. உள்ளே போய் இன்னொரு காகிதத்தோடு வந்தாள். ‘மிஸஸ் கஃப், சிரில் கஃப் உங்க வீட்டுக்காரரா?’ என்றாள். ஆமாம் என்றேன். ‘அவரு மேஜர் கின்வர் மனுவுலயும் போட்டிருக்காருங்க. ஒருத்தர் ஒரு மனுவுலதான் போடலாம், முதல்ல வந்ததுதான் செல்லும். இது போன வாரமே வந்துடுச்சு’ என்று எனக்குக் காட்டினாள். ஆறாவது வரி, உன் அப்பாவின் நேர்த்தியான கையெழுத்து. வாங்கிக்கொண்ட மனுவில் பெயரை மாற்ற முடியாது, புதிதாகக் கொடுப்பதென்றால் பத்துப் பேரும் மறுபடி போடவேண்டும். கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம், நம் கிராமம் பதினான்கு மைல். அந்தப் பெண் எனக்கு நாற்காலி போட்டாள். பிலிப்பா, அம்மா வா, அம்மா வா என்று என் நல்ல கையைப் பிடித்து இழுத்தாள். மேஜர் ஒன்பதாவது முறையாகப் போட்டியின்றித் தேர்வு.

வீட்டுக்கு வந்து கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா. மேஜருடைய ஆள் ஒவ்வொரு தேர்தலுக்கும் அதே பத்து வீட்டுக்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வருவாராம், 1961இலிருந்து ஆறாவது வரி இவருடையதாம். ‘ஆடுங்க குட்டி போட்டுட்டிருந்த நேரம் எனிட், வாசல்ல வந்து நிக்கிறவரை எப்படித் திருப்பி அனுப்பறது? பேனாவை வேற மூடியைக் கழட்டி நீட்டறாரு. எப்பவும் போடறதுதானேன்னு போட்டேன். ஓட்டு உனக்குத்தானே போடப்போறேன்.’ சரி, என் மனுவில் போடும்போதாவது சொல்லக்கூடாதா என்றேன். ‘நீ அவ்வளவு சோர்ந்து போயிருந்தே, பேரைக் கேட்டுட்டு நிக்கிறே, இல்லேன்னு எப்படிச் சொல்றது’ என்றார். ரோசலிண்ட், இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் யாரிடமும் இல்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. இந்த வீட்டில் மூன்று செட் கலைக்களஞ்சியம் இருக்கிறது, வாசலுக்கு வந்தவர்கள் விற்றது. பிலிப்பா படிக்கிறாள் என்பதால் அதை நான் சகித்துக்கொண்டேன். இதைச் சகிக்க முடியவில்லை. அன்றிலிருந்து ‘உப்பு எடு’, ‘கதவைச் சாத்து’ தவிர எங்களுக்குள் பேச்சில்லை.

நேற்று மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆளைக் காணோம். நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. மேஜர். ‘எனிட், சிரிலுக்கு உடம்புக்கு ஏதாவது சரியில்லையா?’ என்றார். ஏன் என்றேன். ‘நடந்தே வந்தாரு. வாசல்ல நின்னுக்கிட்டு, என் பேரை உங்க மனுவுல இருந்து எடுத்துடுங்கன்னாரு. தேர்தலே முடிஞ்சு போச்சேப்பா, இனிமே எடுக்க முடியாதேன்னேன். தெரியும், ஆனா நேர்ல வந்து சொல்லணும், அந்தப் பள்ளிக்கூடத்தை மூடறவருக்கு நான் பேர் கொடுக்கமாட்டேன்னாரு. நனைஞ்சு நிக்கிறாரேன்னு, உள்ள வாங்க, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்கன்னேன். வேண்டாம்னுட்டாரு எனிட். வேண்டாம்னு சொல்லிட்டுத் திரும்பி நடந்துட்டாரு.’ பிறகு, ‘பள்ளிக்கூடம் அவ்வளவு பெரிய விஷயமா? யாரும் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே’ என்றார். எப்படிச் சொல்வார்கள் மேஜர், இருபத்தாறு வருஷமாக உங்களை யாரும் ஒன்றும் கேட்டதில்லையே என்றேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பள்ளிக்கு வந்து பெற்றோரைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். பள்ளியை மூடுவது பற்றிக் கவுன்சிலில் ஓட்டெடுப்பு ஜூலையில், அதற்குள் அவர் மனசு மாறுமா என்பது எனக்குத் தெரியாது, நம்பவும் இல்லை. கடைசியில், சிரிலுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று மறுபடி கேட்டார். ஒன்றுமில்லை, இப்போதுதான் தேறியிருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து தனியாக நடந்து வராதே. உன் வாசலுக்கு யாராவது காகிதமும் பேனாவுமாக வந்தால், வைத்துவிட்டுப் போங்கள், படித்துப் பார்த்து நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல், உன் உடம்பில் ஓடுவதும் அந்த ரத்தம்தான். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, ஆறுதல் சொல்லாதே, பாராட்டவும் பாராட்டாதே, தலைக்கேறிவிடும், சும்மா ஆடுகளைப் பற்றிக் கேள். கடவுள் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். அப்பா நேற்று தொப்பலாக நனைந்து வந்து கதவடியில் நின்றார். உட்காருங்கள், டீ வைக்கிறேன் என்றேன். குடித்தார்.

அன்புடன் உன் அம்மா,
எனிட் கஃப்
(இடது கையால்)

அம்மா கையெழுத்துப் போடும்போது ‘அப்பா’ என்று நான் மாற்றிய இடங்களைப் படித்துப் பார்த்தாள். அப்படியே இருக்கட்டும் என்றாள். – பி.