எதிர்த்துப் பேசினேன்

அன்புள்ள அப்பா,

நேற்று போனில் நீங்கள் அழுததால் என்னால் மேற்கொண்டு எதையும் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ஜெர்மனிக்கு வந்து இந்த முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்த புதிதில், மேலாளர் அம்மாவைப் பார்த்தாலே எழுந்து நிற்பேன். எதைச் சொன்னாலும் சரி என்பேன். "பெயர் சொல்லிக் கூப்பிடு, மனதில் இருப்பதைப் பேசு" என்பார். ஆறு மாதம் கழித்து, எனக்குச் சொந்தக் கருத்தே இல்லை என்று என் வேலை பற்றிய அறிக்கையில் எழுதிவிட்டார்.

போன வாரக் கூட்டத்தில் பேசினேன். "முப்பது முதியவர்களை ஒரே நர்ஸ் பார்த்தால் யாராவது விழுந்துவிடுவார்கள்." அவர் முகம் சுருங்கியது. "இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

நேற்று இதைச் சொன்னதும், "மன்னிப்பு கேட்டுக்கினு வேலையக் காப்பாத்திக்கம்மா. நம்ம ஜனம் எதுத்துப் பேசலாமா? வேலை பூட்டா இன்னா பண்ணுவ?" என்றீர்கள்.

கரும்பு வெட்டும்போது உங்கள் காலில் கத்தி இறங்கியதை முதலாளியிடம் மறைத்து, மறுநாளும் வெட்டப் போனீர்கள். எங்களுக்காகத்தான். இன்னும் நொண்டித்தான் நடக்கிறீர்கள்.

நான் மன்னிப்பு கேட்கவில்லை. கூட்டத்துக்கு மறுநாளே, சொன்னதையே கடிதமாக எழுதிக் கொடுத்துவிட்டேன். உடன் வேலை செய்யும் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். இன்று காலையிலிருந்து இரண்டு நர்ஸ்கள் இருக்கிறோம். மேலாளர் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. பேசாமலே இருக்கட்டும்.

நம் ஊர் கருணாபுரத்தில் யாராவது கேட்டால், என் மகள் எதிர்த்துப் பேசினாள் என்றே சொல்லுங்கள், அப்பா.

இப்படிக்கு,
உங்கள் மூத்த மகள்